மதகு திறந்தாச்சு... கடைமடைக்குத் தண்ணி வந்துச்சா?



குற்றாலத்தில் சாரல் அடித்தால் பாவூர்சத்திரம் வரைக்கும் காத்து ஜில்லுன்னு ஆயிரும். சரி... மும்பையில் ரிசர்வ் வங்கி பணத்தைத் திறந்துவிட்டால் தென்காசியில் யார் வீடு ஜில்லுன்னு ஆகும்? எல்லார் வீடுமா? இல்லே, சில வீடு மட்டுமா?

'எக்கனாமிக்ஸா... ஆளை விடுங்க சாமி!' என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். தாத்தாவின் ஃபிக்சட் டெபாசிட் வட்டி ஏன் திடீரென்று இளைத்துப்போனது? அம்மாவின் வளையலுக்கு பேங்க்கில் ஏன் கூடுதல் கடன் கொடுத்தார்கள்? பெங்களூரில் வேலை பார்க்கிற சித்தப்பா பையன் ஏன் 'மார்க்கெட் செம ஏத்தம்டா' என்று குதித்தான்? இந்த மூன்று கேள்விக்கும் பதிலைத் தேடிப் போனால் ஒரே இடத்தில்தான் போய் நிற்போம். வாங்க, போவோம்.

ஒரே நாடு... ரெண்டு சீன்!

சீன் 1: குற்றாலம், 2020. ஜூன் பிறந்தால் சீசன். பேரருவி, ஐந்தருவி, பழைய குற்றாலம் என்று ஜனம் அலைமோதும். லாட்ஜ், ஆட்டோ, எண்ணெய் மசாஜ், நேந்திரம் சிப்ஸ் கடை, மங்குஸ்தான், ரம்புட்டான் கூடைகள்... மூணு மாசம் சம்பாதிப்பதை வைத்து வருஷம் பூரா வண்டியை ஓட்டுகிற குடும்பங்கள் இங்கே ஏராளம். கொரோனா வந்தது. அருவியில் குளிக்கத் தடை. தண்ணீர் பாட்டுக்குக் கொட்டியது, தலையைக் கொடுக்கத்தான் ஆளில்லை. 2021 சீசனுக்கும் அதே கதை. ரெண்டு சீசன் காலி!

சீன் 2: மும்பை. 2020 மார்ச் 23 அன்று சென்செக்ஸ் 25,981 புள்ளிகளில் முடிந்தது. 2021 செப்டம்பர் 24 அன்று அது 60,000-த்தைத் தாண்டியது. ஒன்றரை வருஷத்தில் ரெண்டு மடங்குக்கும் மேல்!

அதே நாடு. அதே கொரோனா. ஒரு பக்கம் ஷட்டர் இறங்கிக்கிடக்கிறது, இன்னொரு பக்கம் பட்டாசு வெடிக்கிறார்கள். எப்படிங்க இது?

பங்குச் சந்தை ஏறியதற்கு ஒன்றல்ல, பல காரணம். முதலில் அது தலைகீழாக விழுந்திருந்தது, அதனால் எழுந்தது. வெளிநாட்டு முதலீடு வந்தது. ஆனால், எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு பெரிய நீரோட்டம் இருந்தது. உலகம் பூராவும் மத்திய வங்கிகள் மதகைத் திறந்துவிட்டிருந்தன. நம்ம ரிசர்வ் வங்கியும்தான்.

ரிசர்வ் வங்கி கடைக்குப் போய் என்ன வாங்கியது?

அரசாங்கத்துக்குக் காசு போதவில்லை என்றால் என்ன செய்யும்? கடன் பத்திரம் விற்கும். பேங்குகளும் இன்சூரன்ஸ் கம்பெனிகளும் அதை வாங்கும். 2020-21-க்கு மத்திய அரசு 7.8 லட்சம் கோடி ரூபாய் கடன் வாங்கத் திட்டம் போட்டிருந்தது. கொரோனா வந்ததும் 2020 மே மாதத்திலேயே அதை 12 லட்சம் கோடியாக உயர்த்தியது. இவ்வளவு பெரிய ஆள் கடன் கேட்டு நின்றால் வட்டி எகிறாதா? எகிறும்.

அங்கேதான் ரிசர்வ் வங்கி உள்ளே வந்தது. 2020 மார்ச்சிலும் மே மாதத்திலுமாக ரெப்போ வட்டியை 5.15-லிருந்து 4 சதவீதத்துக்கு இறக்கியது. ரெப்போ என்பது பேங்குகளுக்கே ரிசர்வ் வங்கி கடன் கொடுக்கிற வட்டி. அது போதாதென்று சந்தையில் இறங்கி அரசுப் பத்திரங்களை வாங்கிக் குவித்தது. 2020-21-ல் மட்டும் நிகரமாக 3.13 லட்சம் கோடி ரூபாய்க்கு! 2021 ஏப்ரல் 7-ல் இதற்கு ஒரு பெயரும் சூட்டியது: ஜி-சாப். 'முதல் மூணு மாசத்தில் 1 லட்சம் கோடிக்கு வாங்குவேன்' என்று முன்கூட்டியே வாக்குக் கொடுத்தது. அடுத்த மூணு மாசத்துக்கு 1.2 லட்சம் கோடி. 2021 அக்டோபரில் 'போதும்' என்று நிறுத்திக்கொண்டது.

பத்திரம் வாங்கினால் வட்டி எப்படிக் குறையும்? சிம்பிள். 100 ரூபாய் பத்திரம், வருஷத்துக்கு 7 ரூபாய் வட்டி என்று வைத்துக்கொள்வோம். ரிசர்வ் வங்கி மாதிரி பெரிய கை வாங்க வந்ததும் கிராக்கி கூடி விலை 105 ஆகிறது. இப்போது வாங்குகிறவர் 105 ரூபாய் போட்டாலும் கிடைப்பது அதே 7 ரூபாய்தான். அதாவது 6.67 சதவீதம். பத்திர விலை ஏறினால் வட்டி இறங்கும். அரசாங்கத்தின் வட்டி இறங்கினால் அதைப் பார்த்து ஊரில் மற்ற வட்டியும் இறங்கும். பத்திரத்தில் காசு இல்லை என்று தெரிந்தவர்கள் பங்குக்கும் நிலத்துக்கும் தங்கத்துக்கும் ஓடுவார்கள். அதுகளும் ஏறும்.

இது நம்ம ரிசர்வ் வங்கி கண்டுபிடித்த வித்தை இல்லை. 2001-ல் ஜப்பான் தொடங்கியது. 2008-ல் அமெரிக்கா பெரிய அளவில் கையில் எடுத்தது. அங்கே இதற்கு 'க்யூ.ஈ.' என்று செல்லப்பெயர். 2008-க்கு முன் அமெரிக்க மத்திய வங்கியிடம் இருந்த மொத்தச் சொத்து ஒரு லட்சம் கோடி டாலருக்கும் குறைவு. 2022-ல் அது சுமார் 9 லட்சம் கோடி டாலர். சும்மா ஒரு சைஸ் சொன்னேன்!

டீக்கடையில் இந்த மேட்டரை எடுத்தால் பேச்சு இப்படித்தான் போகும்:

"அண்ணாச்சி, ரிசர்வ் பேங்க்ல புதுசா பணம் உண்டாக்கிக் குடுத்துட்டாவளாம்லா?"

"யாருக்குலே?"

"பேங்குக்கு."

"அப்ப நமக்கு?"

பெரிய பெரிய பொருளாதார மேதைகள் மண்டையை உடைத்துக்கொள்கிற கேள்வியும் அதேதான். 'அப்ப நமக்கு?'

குளம் நிறைந்தால்தான் மறுகால்

சிற்றாற்றுத் தண்ணீரையே எடுத்துக்கொள்ளுங்கள். தேனருவி, செண்பகாதேவி, பேரருவி என்று குதித்து இறங்கி, அணைக்கட்டில் திரும்பி, கால்வாயில் ஓடி ஒரு குளத்துக்கு வருகிறது. அந்தக் குளம் நிறைந்து மறுகால் பாய்ந்தால்தான் அடுத்த குளத்துக்குத் தண்ணி. தலைமடைக்காரருக்கு முதல் நாளே நாற்று நனையும். கடைமடைக்காரர் மண்வெட்டியோடு வரப்பில் நின்று மேற்கே பார்த்துக்கொண்டிருப்பார்.

பணமும் அப்படித்தான் வருகிறது. ரிச்சர்ட் கான்டிலன் என்றொரு மனிதர் பதினெட்டாம் நூற்றாண்டிலேயே இதைச் சொல்லிவிட்டார். அவர் இறந்தபிறகு 1755-ல் புத்தகமாக வந்தது. புதுப் பணம் எல்லார் கைக்கும் ஒரே நேரத்தில் வராது. முதலில் பெறுகிறவர் பழைய விலைக்கே பொருள் வாங்கிக்கொள்வார். கடைசியில் பெறுகிறவருக்குக் காசு வருவதற்குள் விலை ஏறியிருக்கும்.

சரி, தியரி போதும். தென்காசியில் நாலு வீட்டுக்குள் நுழைவோம். பெயர் வேண்டாம். எந்தத் தெருவிலும் இருக்கிற வீடுகள்தான். கணக்கு மட்டும் நான் போட்டது.

வீடு 1: டெபாசிட் தாத்தா. தனியார் பள்ளியில் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர். பென்ஷன் கிடையாது. கையில் 10 லட்சம், ஸ்டேட் பேங்க்கில் ஒரு வருஷ டெபாசிட். 2019 தொடக்கத்தில் சீனியர் சிட்டிசனுக்கு 7.3 சதவீதம், அதாவது வருஷம் 73,000 ரூபாய். 2020 செப்டம்பரில் அது 5.4 சதவீதம். வருஷத்துக்கு 54,000. மாசம் கிட்டத்தட்ட 1,600 ரூபாய் துண்டு விழுந்தது. மருந்துச் செலவு அப்படியே நின்றது. 2020-21-ல் விலைவாசி சராசரியாக 6.2 சதவீதம் ஏறியதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வட்டி 5.4, விலைவாசி 6.2. முதல் அப்படியே இருக்கிற மாதிரி தெரியும். ஆனால், உள்ளுக்குள் கரைகிறது.

'வட்டி குறைஞ்சா பணக்காரனுக்குத்தானே நஷ்டம்?' என்று கேட்பவர்களுக்கு இந்தத் தாத்தாவைக் காட்டுங்கள்.

வீடு 2: ஐ.டி. அண்ணன். சொந்த ஊர் தென்காசி, வேலை பெங்களூர். 30 லட்சம் வீட்டுக் கடன், 20 வருஷம். 8.7 சதவீத வட்டியில் மாதத் தவணை சுமார் 26,400 ரூபாய். 2021 மார்ச்சில் வீட்டுக் கடன் வட்டி 6.7 சதவீதம் வரை இறங்கியது. அந்த வட்டியில் அதே கடனுக்கு 22,700. மாசம் 3,700 ரூபாய் மிச்சம். வேலையோ வீட்டிலிருந்தே, சம்பளம் நிற்கவில்லை. மிச்சப் பணத்தை பங்குச் சந்தையில் போட்டார். 2019 கடைசியில் சென்செக்ஸ் 41,254. அங்கே போட்ட 1 லட்சம், 2021 செப்டம்பரில் சுமார் 1 லட்சத்து 45 ஆயிரம். நாட்டில் டிமேட் கணக்குகள் 2020 மார்ச்சில் சுமார் 4 கோடி. 2022 மார்ச்சில் சுமார் 9 கோடி. இந்த அண்ணன்மார்கள்தான் அந்தக் கூட்டம்.

வீடு 3: மொத்த வியாபாரி அண்ணாச்சி. பாவூர்சத்திரம் மார்க்கெட்டில் காய்கறி ஏற்றி அனுப்புகிறவர். பேங்க்கில் ஏற்கெனவே கடன் கணக்கு உண்டு. வட்டி குறைந்தது. அதோடு, 2020 மே மாதம் மத்திய அரசு அறிவித்த 3 லட்சம் கோடி அவசரக் கடன் திட்டம் வந்தது. பழைய கடனில் 20 சதவீதம் வரை கூடுதல் கடன், ஜாமீன் இல்லாமல். கவனியுங்கள்... பழைய கடனில் 20 சதவீதம்! ஏற்கெனவே பேங்க் கடன் இருப்பவருக்குத்தான் புதுக் கடன். ஐந்தருவிக்குப் போகிற வழியில் கூடை வைத்து மங்குஸ்தான் விற்கிறவருக்குப் பேங்க் கடனே கிடையாது. பூஜ்யத்தில் 20 சதவீதம் எவ்வளவு? நீங்களே சொல்லுங்கள். நகரத்துத் தெருவோர வியாபாரிகளுக்கென்று 2020 ஜூனில் தனியாக 10,000 ரூபாய் கடன் திட்டம் வந்தது உண்மை. அதையும் சொல்லிவிடுகிறேன். லட்சம் கோடிகள் ஓடிய வருஷத்தில் பத்தாயிரம்.

வீடு 4: பீடி சுத்துகிற அம்மா. அப்பா குற்றாலத்தில் சீசன் வேலை. ரெண்டு சீசன் போச்சு. அம்மா மடியில் தட்டை வைத்துக்கொண்டு பீடி சுத்துகிறார். ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கூலி. ஊரடங்கில் இலையும் தூளும் வராத வாரங்களில் அதுவும் இல்லை. இந்த வீட்டில் டெபாசிட் இல்லை, பங்கு இல்லை. இருப்பது ஒரே சொத்து: கழுத்திலும் கையிலும் கிடக்கிற கொஞ்சம் தங்கம்.

தங்கம் ஏறியதே, அது லாபம்தானே? வாங்க, கணக்குப் பார்ப்போம். 2019 செப்டம்பரில் சவரன் முதன்முறையாக 30,000 ரூபாயைத் தொட்டது. 2020 ஆகஸ்ட்டில் 43,000-ஐத் தாண்டியது. அதே ஆகஸ்ட் 6-ல் ரிசர்வ் வங்கி இன்னொன்றும் செய்தது. தங்க மதிப்பில் 75 சதவீதம்தான் பேங்குகள் கடன் தரலாம் என்ற வரம்பை 90 சதவீதமாக்கியது, 2021 மார்ச் வரைக்கும். ஆக, முன்பு ஒரு சவரனுக்கு அதிகபட்சம் 22,500 கிடைத்த இடத்தில் 38,700 வரைக்கும் வாங்க வழி பிறந்தது. அந்த நேரத்துக்கு அது பெரிய உதவி, சந்தேகமே இல்லை. அரிசி வாங்கினார்கள், ஃபீஸ் கட்டினார்கள்.

ஆனால், ஒன்றை மறந்துவிடக் கூடாது. கடன் வருமானம் ஆகாது! அண்ணனுக்கு ஏறிய பங்கு அவர் பெயரிலேயே இருக்கிறது. அம்மாவுக்கு ஏறிய தங்கம் பேங்க் லாக்கரில் இருக்கிறது. அதற்கு வட்டி கட்டவேண்டியது அம்மா.

'மூணு வட்டி' குறையவே இல்லையே!

இந்தியக் குடும்பங்களின் நிதி நிலைமையை ஆராய ரிசர்வ் வங்கி ஒரு குழு போட்டது. 2017-ல் அறிக்கை வந்தது. சராசரி இந்தியக் குடும்பத்தின் சொத்தில் 84 சதவீதம் வீடு, நிலம் உள்ளிட்ட பொருள்கள். 11 சதவீதம் தங்கம். டெபாசிட், பங்கு, இன்சூரன்ஸ் என்று பேப்பரில் இருக்கிற சொத்து எல்லாம் சேர்த்தே மிச்சம் 5 சதவீதம்தான். அந்தச் சொத்தும் சமமாகவா இருக்கிறது? 2019-ல் நடந்த அகில இந்தியக் கடன், முதலீட்டுக் கணக்கெடுப்பைப் பாருங்கள். கிராமங்களில் மேல்தட்டு 10 சதவீதம் பேரிடம் மொத்தச் சொத்தில் பாதிக்கு மேல். கீழ்ப்பாதி ஜனத்திடம் 10 சதவீதம். நகரங்களில் அந்தக் கீழ்ப்பாதிக்கு வெறும் 6 சதவீதம்.

சொத்து விலையை ஏற்றுகிற மருந்து கொடுத்தால் யார் உடம்பில் சதை போடும்? சொத்து இருப்பவர் உடம்பில்தான்.

வட்டிக் குறைப்பு கடன் வாங்கியவர்களுக்காவது வந்ததா? இதற்குப் பதில் நம்ம ஊர் பாஷையிலேயே இருக்கிறது. ரிசர்வ் வங்கி வருஷக் கணக்கில் வட்டி பேசும். நம்ம தெருவில் மாசக் கணக்கு. 'நூத்துக்கு ரெண்டு', 'நூத்துக்கு மூணு'. மூணு வட்டி என்றால் வருஷத்துக்கு 36 சதவீதம்! ரெப்போ 5.15-லிருந்து 4-க்கு இறங்கியதும் மூணு வட்டிக்காரர் ரெண்டே முக்காலுக்கு இறங்கினாரா? அவர் பேப்பரே பார்ப்பதில்லை. வாராவாரம் குழுக் கடன் வசூலிக்கும் கம்பெனிகளின் வட்டியும் 20 சதவீதத்துக்கு மேல்தான் நின்றது. கந்துவட்டிக்கு எதிராகத் தமிழ்நாட்டில் 2003-லேயே சட்டம் வந்தாச்சு. அப்படியும் 2017 அக்டோபரில் நெல்லை கலெக்டர் அலுவலக வாசலில் என்ன நடந்தது என்பதை இந்தப் பக்கத்து ஜனங்கள் மறக்கவில்லை.

நம் கேள்வியின் நடுப்புள்ளி இதுதான். மதகை எவ்வளவு திறந்தார்கள் என்பது ஒரு பாதி. உங்கள் வயலுக்குக் கால்வாய் இருக்கிறதா என்பது மறு பாதி.

அப்போ வாங்கினது தப்பா பாஸ்?

அவசரப்படாதீங்க. இந்தப் பக்கமும் பார்க்கணும்.

ரிசர்வ் வங்கி வாங்காமல் விட்டிருந்தால்? அரசாங்கம் அந்த 12 லட்சம் கோடியை ஏறின வட்டிக்கு வாங்கியிருக்கும். கை சுருங்கியிருக்கும். அந்த வருஷம் ரேஷனில் கூடுதலாக இலவச அரிசி வந்தது. நூறு நாள் வேலைக்கு நாடு முழுக்க சுமார் 1.11 லட்சம் கோடி ரூபாய் ஒதுக்கினார்கள். தமிழ்நாட்டில் அதற்கு 2020-21-ல் நிர்ணயித்த கூலி நாளுக்கு 256 ரூபாய். சீசன் போன பல வீடுகளுக்கு அந்தக் கூலிதான் கைத்தடி. அரசாங்கம் மலிவாகக் கடன் வாங்கியதில் நாலாம் வீட்டுக்கும் சுற்றிவளைத்து ஒரு பங்கு இருக்கிறது.

வெளிநாட்டில் ஆராய்ந்தவர்கள் என்ன சொல்கிறார்கள்? 2012-ல் இங்கிலாந்து மத்திய வங்கியே ஓர் அறிக்கை வெளியிட்டது. பத்திரக் கொள்முதலால் சொத்து விலைகள் ஏறின. ஓய்வூதிய நிதி போக மற்ற நிதிச் சொத்தில் 40 சதவீதம் மேல்தட்டு 5 சதவீதக் குடும்பங்களிடம் இருப்பதால் லாபம் அங்கேயே குவிந்தது என்று ஒப்புக்கொண்டது. கூடவே, இதைச் செய்யாமல் விட்டிருந்தால் பெரும்பாலோர் நிலைமை இன்னும் மோசமாகியிருக்கும் என்றும் சொன்னது.

இன்னொரு பக்கம், ஐரோப்பிய மத்திய வங்கியின் ஆய்வாளர்கள் லென்சா, ஸ்லச்சாலக் இருவரும் பிரான்ஸ், ஜெர்மனி, இத்தாலி, ஸ்பெயின் குடும்பங்களை ஆராய்ந்தார்கள். அவர்களுக்குக் கிடைத்த பதில் கொஞ்சம் ஆச்சரியமானது. அங்கே வருமான ஏற்றத்தாழ்வு லேசாகக் குறைந்திருந்தது! ஏன்? வட்டி குறைந்ததும் கம்பெனிகள் ஆள் எடுத்தன. வேலையில்லாமல் கிடந்த அடித்தட்டுக் குடும்பங்களில் ஒருவருக்கு வேலை கிடைத்தால் அந்த வீட்டு வருமானம் ஒரே தாவலில் ஏறும் இல்லையா?

ஆக, ரெண்டு தராசு இருக்கிறது. சொத்துத் தராசு, வருமானத் தராசு. பத்திரக் கொள்முதல் சொத்துத் தராசை மேல்தட்டுப் பக்கம் சாய்க்கும். வருமானத் தராசை, வேலை பெருகினால், கீழ்த்தட்டுப் பக்கமும் சாய்க்கலாம். அந்த 'வேலை பெருகினால்' என்பதில்தான் தென்காசி மாட்டிக்கொள்கிறது.

ஜெர்மனியில் கார் கம்பெனி கடன் வாங்கி ஆள் எடுக்கும். நம்ம பக்கம் வேலை என்பது பெரும்பாலும் வயல் கூலி, பீடி, கட்டட வேலை, சீசன் வியாபாரம். பீடித் தட்டுக்குப் பேங்க் கடன் வேண்டாம். வட்டி குறைந்தால் ஆயிரம் பீடிக்குக் கூலி ஏறாது. 2020-லும் 2021-லும் குற்றாலத்தில் குறைந்துபோனது கடன் இல்லை, ஜனம். வட்டியைப் பூஜ்யமாக்கினாலும் தடை போட்ட அருவியில் யார் வந்து குளிப்பார்கள்? பேங்குகளே கையிலிருந்த பணத்தைக் கடன் கொடுக்கத் தயங்கி, பல லட்சம் கோடியைத் திரும்ப ரிசர்வ் வங்கியிலேயே 3.35 சதவீத வட்டிக்குக் கொண்டுபோய் வைத்தன. தலைமடைக் குளம் நிறைந்து நின்றது. மறுகால் மட்டும் பாயவில்லை.

சக்கரம் திரும்பினப்போ...

2022-ல் விலைவாசி தலைதூக்கியது. மே மாதம் வட்டியை ஏற்றத் தொடங்கினார்கள். 2023 பிப்ரவரியில் ரெப்போ 6.5 சதவீதம். டெபாசிட் தாத்தா முகத்தில் கொஞ்சம் சிரிப்பு. ஐ.டி. அண்ணனுக்குத் தவணை ஏறியது. ஆனால், இடையில் ஏறின சொத்து கையில் இருந்தது. நாலாம் வீடு? அங்கே மூணு வட்டி அன்றைக்கும் மூணு வட்டி, இன்றைக்கும் மூணு வட்டி. இறங்கினபோது இறங்காதது. எண்ணெய் விலை, கேஸ் விலை மட்டும் கரெக்டாக வந்து சேர்ந்தது. லாபம் கால்வாய் வழியாக வரவேண்டும். விலைவாசி மழை மாதிரி எல்லார் தலையிலும் விழும்!

இதெல்லாம் பழைய கதை என்று நினைக்காதீர்கள். 2025-ல் மறுபடி ரெப்போ 6.5-லிருந்து படிப்படியாக இறங்கி 5.25-க்கு வந்தது. டிசம்பர் 5-ல் இன்னும் 1 லட்சம் கோடிக்குப் பத்திரம் வாங்குவதாக ரிசர்வ் வங்கி அறிவித்தது. மதகு அடிக்கடி திறக்கும். நாம்தான் கவனிக்க வேண்டும்.

இன்னொரு உண்மையும் தெரிந்துகொள்ளுங்கள். 2016-ல் திருத்திய சட்டப்படி ரிசர்வ் வங்கியின் இலக்கு விலைவாசியை 4 சதவீதத்தில் பிடித்து வைப்பது. ரெண்டு சதவீதம் முன்னே பின்னே போகலாம். வளர்ச்சியையும் மனதில் வைக்கச் சொல்கிறது. ஏற்றத்தாழ்வு அந்த இலக்கில் இல்லை. அவர்கள் கையில் இருப்பது மதகுச் சாவி மட்டும். கால்வாய் வெட்டுவது அரசாங்கத்தின் வேலை. கூட்டுறவு வங்கிகளில் சின்னக் கடன், பீடிக் கூலி, சீசன் போனால் ஒரு நஷ்ட ஈடு, வட்டிக் கொடுமைக்குக் கடிவாளம்... இதெல்லாம் கால்வாய். கால்வாய் தூர்ந்து கிடக்கையில் மதகை மட்டும் அகலமாகத் திறந்தால் தலைமடையில்தான் வெள்ளம் நிற்கும்.

அரசியல்வாதிகளுக்கு இது தெரியாமல் இல்லை. 2021 மார்ச் 31 சாயங்காலம் போஸ்ட் ஆபீஸ் சேமிப்பு வட்டிகளைக் குறைத்து மத்திய அரசு அறிவித்தது. பி.பி.எஃப். 7.1-லிருந்து 6.4, சீனியர் சிட்டிசன் திட்டம் 7.4-லிருந்து 6.5. மறுநாள் காலையிலேயே 'கவனக்குறைவாக வெளியான உத்தரவு, வாபஸ்' என்று நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் அறிவித்தார். ஏப்ரல் 6-ல் தமிழ்நாட்டில் ஓட்டுப்பதிவு. ஒரு ராத்திரியில் கால்வாயைத் திருப்ப முடியும் மக்கா! சத்தம் போடுகிறவர் யார் என்பதைப் பொறுத்தது.

இந்த வார வீட்டுப்பாடம்

சும்மா படித்துவிட்டு மடித்து வைக்காதீர்கள். இந்த ஞாயிற்றுக்கிழமை அரை மணி நேரம் ஒதுக்குங்கள்.

ஒன்று: உங்கள் வீடு வட்டி வாங்குகிற வீடா, வட்டி கட்டுகிற வீடா? ஒரு தாளில் ரெண்டு பக்கமும் எழுதிப் பாருங்கள். ரெப்போ இறங்கினால் உங்களுக்கு லாபமா நஷ்டமா என்று அந்தத் தாளே சொல்லிவிடும்.

இரண்டு: 'நூத்துக்கு இத்தனை' என்ற மாச வட்டியைப் பன்னிரண்டால் பெருக்கி அம்மாவிடம் காட்டுங்கள். நகையை அடகுக் கடையில் வைத்திருந்தால், பேங்க்கிலோ கூட்டுறவுச் சங்கத்திலோ என்ன வட்டி என்று விசாரித்து ஒப்பிடுங்கள்.

மூன்று: வீட்டுக் கடன் இருந்தால் அது எந்த வட்டியோடு கட்டிப்போட்டது என்று பேங்க்கில் கேளுங்கள். 2019 அக்டோபருக்குப் பிறகு பேங்க்கில் வாங்கின, வட்டி மாறுகிற கடன்கள் ரெப்போ மாதிரி ஒரு வெளி அளவுகோலோடு இணைந்தவை. ரெப்போ இறங்கினால் அதுவும் இறங்கியாக வேண்டும். அதற்கு முந்தைய கடன் தானாக இறங்கும் என்று நம்பி உட்காராதீர்கள். கேட்டால்தான் கிடைக்கும்.

நான்கு: இது ரொம்ப முக்கியம். 'சென்செக்ஸ் ஏறுது' என்று கேட்டதும் காலேஜ் ஃபீஸை எடுத்து பங்குச் சந்தையில் போடாதீர்கள். மார்ச் 23 அன்று வாங்கி செப்டம்பர் 24 அன்று விற்றவர் கதைகளில்தான் உண்டு. சின்னத் தொகை, நீண்ட காலம், புரிந்த விஷயம்... இந்த மூன்றும் இருந்தால் யோசிக்கலாம்.

இரண்டு மாசத்துக்கு ஒருமுறை ரிசர்வ் வங்கி கவர்னர் டி.வி.யில் வந்து வட்டி சொல்வார். வழக்கமாகச் சேனல் மாற்றிவிடுவீர்கள், தெரியும். அடுத்த தடவை ஐந்து நிமிஷம் பாருங்கள். அவர் 'இத்தனை லட்சம் கோடிக்குப் பத்திரம் வாங்குகிறோம்' என்று சொன்னதும், நம்ம நாலு வீட்டையும் மனசுக்குள் வரிசையாக நிறுத்துங்கள். எந்த வீட்டுக்கு எப்போது போய்ச் சேரும், எந்த வீட்டுக்குச் சேராது, ஏன் சேராது என்று சொல்லத் தெரிந்துவிட்டால்... நீங்கள் எந்த டிபார்ட்மென்ட்டாக இருந்தாலும் சரி, எக்கனாமிக்ஸில் பாஸ்!

அடுத்த வாரம் பார்ப்போமா? வரட்டா!